ஓட்டம் பெரிதா, நிறுத்தம் பெரிதா?

மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்கெல்லாம் மனப்பாடம். "ஒரு காலனுக்கு எத்தனை மைல் கொடுக்கும்? மேட்டில் ஏறுமா? மணிக்கு எத்தனை மைல் போகும்?" என்று கேட்பார்கள். வர்ணத்தைப் பற்றி வீட்டு அம்மாள் ஒரு கேள்வி கேட்பாள். ஆனால், "இந்த வண்டி எத்தனை கெஜத்தில் நிற்கும்?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. குதிரை வாங்கும்போது கடிவாளத்தைப் பாராமல் வாலைப் பார்த்து விலை பேசினவன் கதைதான் இது.

புது வண்டி விஷயத்தில் இந்த மறதியினால் பெரிய கெடுதல் இல்லை. செய்தவர்கள் அதைக் கவனித்திருப்பார்கள். ஆனால் அறுபது எழுபது வருஷத்துப் பழைய வண்டியை ஆசையோடு வைத்துப் பராமரித்து, அதில் பெண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இக்காலத்துப் பெருஞ்சாலையில் போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். ஏனெனில், அந்த வண்டி பிறந்த காலத்துச் சாலை வேறு. அன்று முன்னால் போன வண்டியும் நிதானமாகவே நின்றது. பின்னால் வந்த வண்டியும் அப்படியே. இன்று முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றுவிடுகிறது. நமது கிழவர் மட்டும் "இதோ நிற்கிறேன், சற்றுப் பொறு" என்று சொல்லிக்கொண்டே போய் அதன் முதுகில் முட்டுகிறார்.

இதற்கு என்ன செய்வது? பழைய வண்டியின் பிரேக்கையும் ஸ்பிரிங்குகளையும் திருத்திப் புதுப்பிக்கலாமா? செய்தால் எதை முதலில் செய்வது? அதனால் வண்டியின் குலப்பெருமை கெட்டுவிடாதா? இவற்றை ஆராய்வதற்கு உலகமறிந்த ஒரு வண்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதுதான் மாரிஸ் மைனர்.

முட்டை வடிவக் குழந்தை

1948-ம் வருஷம் அக்டோபர் மாதம் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மாரிஸ் மைனர் முதன் முதலில் ஜனங்களின் பார்வைக்கு வந்தது. அதைச் சிருஷ்டித்தவர் அலெக் இஸிகோனிஸ் என்னும் மேதாவி. பிற்பாடு 1959-ல் ‘மினி’ என்ற வாமன அவதாரத்தையும் உலகுக்குத் தந்தவர் இவரே. கம்பெனியின் முதலாளி நபீல்டு பிரபு மைனரின் உருவத்தைப் பார்த்து, "இதென்ன, அவித்த முட்டை போலல்லவா இருக்கிறது!" என்று முகம் சுளித்தாராம். வேலை முடியும் தறுவாயில் வண்டி ஒடுக்கமாய் இருப்பதாக இஸிகோனிஸுக்குத் தோன்றியது. உடனே மாதிரி வண்டியை நட்டநடுவே அறுத்து இரண்டாக்கி, நான்கு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்து, "இதுதான் சரி" என்றார். மைனரின் மூக்கின்மேல் நடுவில் ஓடும் தட்டைப் பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே.

அவித்த முட்டை அமோகமாக விலைபோயிற்று. 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரிட்டிஷ் கார்களில் அந்த எண்ணை எட்டிய முதல் வண்டி இதுதான். 1971-ல் உற்பத்தி நிற்பதற்குள் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டவை சாலைக்கு வந்துவிட்டன. நமது தேசத்திலும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950-களில் இதையே ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று பெயர் சூட்டி ஓடவிட்டார்கள். இலங்கையிலோ மைனர் குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிட்டது. பழைய மைனர்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த சார்லஸ் வேர் என்ற ஆங்கிலேயர், அதற்கு வேண்டிய தகடுகளையும் பாகங்களையும் இலங்கையிலேயே செய்விக்க ஏற்பாடு செய்தார் என்றால் வேறு அத்தாட்சி வேண்டுமா?

முதல் மைனரின் எஞ்ஜின் 918 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உள்ளது. சக்தி சுமார் 27 குதிரை. 1962-ல் அது 1,098 கன சென்டிமீட்டராகி, 48 குதிரைச் சக்தி பெற்றது. இக்காலத்து அபிமானிகள் பலர் அதே வம்சத்து 1,275 கன சென்டிமீட்டர் எஞ்ஜினை மாட்டி ஏறக்குறைய 60 குதிரைகளைப் பூட்டிவிடுகிறார்கள். குதிரைகள் இரட்டித்தன, கடிவாளம் பழைய கடிவாளமே. அங்கேதான் அபாயம் இருக்கிறது.

உஷ்ணத்தின் கணக்கு

பிரேக் என்பது என்ன? ஓட்டத்தை உஷ்ணமாக மாற்றும் யந்திரம், அவ்வளவுதான். இரண்டு பேர் அமர்ந்த மைனரின் எடை சுமார் 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் அந்த வண்டியை ஒருமுறை நிறுத்தினால் பிறக்கும் உஷ்ணம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காப்பிக்கு வெந்நீர் வைக்க அடுப்பில் பல நிமிஷம் ஆகிறது. பிரேக்கோ அவ்வளவு உஷ்ணத்தையும் நான்கைந்து விநாடியில் விழுங்கவேண்டும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். வேகம் இரட்டித்தால் உஷ்ணம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 30 மைலில் சாதுவாக நிற்கும் வண்டி 60 மைலில் பிசாசாக மாறுவதன் ரகசியம் இதுவே.

முதல் மைனர்களில் நான்கு சக்கரத்துக்கும் ஏழு அங்குல டிரம் பிரேக். டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புப் பாத்திரம். அதற்குள் பிறைச்சந்திரன் வடிவில் இரண்டு ஷூக்கள் உண்டு. பெடலை மிதித்தால் எண்ணெயின் அழுத்தத்தினால் ஷூக்கள் விரிந்து பாத்திரத்தின் உட்புறத்தை உராய்கின்றன. முன் சக்கரத்தில் ஒரு யுக்தி செய்திருந்தார்கள். சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும்படி இரண்டு ஷூக்களையும் அமைத்தார்கள். ஆகையால் சிறிய டிரம்மாயினும் மெல்லிய காலுக்கும் வேலை செய்யும். 1962-ல் எஞ்ஜின் பெரிதானபோது முன் டிரம்களையும் எட்டு அங்குலமாக்கினார்கள்.

டிரம்மின் குறை என்ன? மூடிய பாத்திரமாகையால் உஷ்ணம் எளிதில் வெளியேறாது. மலைப்பாதையில் இறங்கும்போது அடிக்கடி மிதித்தால் டிரம் காய்ந்து விரிந்து ஷூவைவிட்டு விலகிப் போகிறது. ஷூவின் லைனிங்கும் சூட்டில் தன் பிடிப்பை இழக்கிறது. பெடல் கீழே கீழே போகும். வண்டி மட்டும் நிற்காது. டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு பட்டைகள் இடுக்கிபோல் கவ்வுகின்றன. தட்டு காற்றில் வெளியே நிற்பதால் விரைவில் ஆறுகிறது. மழைநீரையும் சுழற்சியிலேயே உதறிவிடுகிறது.

டிஸ்க் மாற்றுவோர் கவனிக்கவேண்டியவை

1971-ல் மைனருக்குப் பின் வந்த மாரிஸ் மரீனா, முன்பக்க அமைப்பில் மைனரின் சொந்தப் பிள்ளை. ஆகவே மரீனாவின் டிஸ்க்கும் காலிபரும் மைனருக்கு அதிகச் சிரமமின்றிப் பொருந்துகின்றன. இங்கிலாந்தில் வெகுகாலமாக நடந்துவரும் மாற்றம் இது. அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள், பழைய ஏழு அங்குல டிரம்களை எடுத்துவிட்டு 1962-க்குப் பிந்தைய எட்டு அங்குல டிரம்களைப் போட்டுக்கொள்கிறார்கள். சாதாரண எஞ்ஜின் உள்ள வண்டிக்கு இதுவே போதும் என்பது நமது அபிப்பிராயம்.

டிஸ்க் போட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. முதலாவது, டிஸ்குக்கு டிரம்மைப்போல் தன்னைத்தானே இழுத்து அழுத்திக்கொள்ளும் குணம் கிடையாது. அதனால் கால் பலமாக மிதிக்கவேண்டும். இதற்காக எஞ்ஜினின் உறிஞ்சு சக்தியைக் கொண்டு காலுக்கு உதவும் ‘சர்வோ’ என்னும் உபகரணத்தைச் சேர்ப்பார்கள். சர்வோ காலின் பாரத்தைக் குறைக்குமே தவிர, டயருக்கு இல்லாத பிடிப்பை உண்டாக்காது. இரண்டாவது, டிரம் பிரேக்கின் எண்ணெய்க் குழாய்களில் மிதிக்காத வேளையிலும் சிறிது அழுத்தம் தங்கியிருக்கும்படி ஒரு வால்வு வைப்பது வழக்கம். டிஸ்குக்கு அது ஆகாது. பட்டைகள் விடாமல் உராய்ந்து காய்ந்துபோகும். மூன்றாவது, முன்பின் சமநிலை. வண்டி நிற்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரங்கள் இலேசாகின்றன. அந்தச் சமயத்தில் பின் பிரேக் அதிகம் கவ்வினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரம் போல் சுழலும். ஆகையினாலேதான் முன்னால் டிஸ்க்கும் பின்னால் பழைய ஏழு அங்குல டிரம்முமாக விட்டுவிடுகிறார்கள். கைப்பிரேக்கும் அதனால் பழையபடியே வேலை செய்யும்.

மைனரின் மற்றொரு விசித்திரம் அதன் மாஸ்டர் சிலிண்டர். அது ஓட்டுகிறவரின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் ஊற்ற வேண்டுமானால் கம்பளத்தைத் தூக்கவேண்டும். கழற்ற வேண்டுமானால் முறுக்குக் கம்பி குறுக்கே நின்று பொறுமையைச் சோதிக்கும். கண்ணில் படாத பொருளை மனிதர் கவனிப்பதில்லை அல்லவா? எண்ணெய் குறைந்தது தெரியாமலே பலர் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மேலும், நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. எங்கேனும் ஒரு குழாய் விட்டால் நான்கும் போச்சு! மிஞ்சுவது கைப்பிரேக்கும் கடவுளும்தான். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதையுள்ள இரட்டைச் சிலிண்டரை மாட்டுவது, டிஸ்கைக் காட்டிலும் முக்கியமான சீர்திருத்தம் என்று நாம் சொல்லுவோம்.

வில்வண்டியும் முறுக்குக் கம்பியும்

நிறுத்தம் பிரேக்கினால் மட்டும் ஆவதன்று. சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தானே பிரேக் வேலை செய்யும்? குண்டுக்குழியில் துள்ளித் துள்ளிப் போகும் சக்கரத்தை எந்த டிஸ்க்கும் நிறுத்தாது. இங்கேதான் ஸ்பிரிங் வருகிறது.

நமது பாட்டன்மார் ஏறிய வில்வண்டியில் இருந்த பட்டை ஸ்பிரிங்கே மைனரின் பின்பக்கத்தைத் தாங்குகிறது. முன்பக்கம் வேறு விதம். இஸிகோனிஸ் அங்கே நீண்ட எஃகுக் கம்பிகளை வைத்தார். கம்பியின் ஒரு முனை சக்கரத்தின் கீழ்க்கையோடும், மறு முனை முன் ஆசனத்துக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் மேலே எழும்பினால் கம்பி முறுக்கேறும். முறுக்கு அவிழும்போது சக்கரம் கீழே இறங்கும். பிற்காலத்தில் நமது அம்பாஸடரின் முன்பக்கமும் இத்தகைய முறுக்குக் கம்பியின்மேல்தான் நின்றது.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஊஞ்சலாடிக்கொண்டே போகும். ஆட்டத்தை அடக்குவதற்குத்தான் ஷாக் அப்ஸார்பர். மைனரில் அது கைநெம்பு வடிவில் உள்ளது. சிறிய பெட்டிக்குள் கொஞ்சம் எண்ணெய், அதை அழுத்த ஒரு கை. முன்பக்கத்தில் அந்தக் கையே சக்கரத்தைப் பிடிக்கும் மேல்கையாகவும் பணிபுரிகிறது. சிக்கனமான யோசனைதான். ஆனால் எண்ணெய் சொற்பமாகையால் சீக்கிரம் சூடேறிச் சோர்ந்துவிடும், வயதானால் கசியும். இதற்கு மாற்றாகக் குழாய் வடிவ ஷாக் அப்ஸார்பர்களைப் பொருத்துகிறார்கள். பின்பக்கத்தில் இது எளிய வேலை. முன்பக்கத்திலோ பழைய பெட்டியை வெறுமனே கழற்றி எறிய முடியாது; எறிந்தால் சக்கரத்தைப் பிடிக்க மேல்கை இராது. ஆகையால் பழையதை எண்ணெயின்றி வெறும் கையாக வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் புதியதைச் சேர்க்கவேண்டும். அல்லது புது மேல்கையே போடவேண்டும்.

உற்சாகம் மிகுந்தவர்கள் இத்துடன் நிற்பதில்லை. ரப்பர் புஷ்களுக்குப் பதில் கடினமான பாலியூரிதேன் புஷ்கள், வளைவில் வண்டி சாயாதிருக்கக் குறுக்குக் கம்பி, தாழ்த்திய உடல் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஓர் அளவு வரையில் இவை நல்லவை. அளவு மீறினால், முன்பு ஸ்பிரிங் வாங்கிக்கொண்ட அடியை உடல் வாங்கிக்கொள்ள ஆரம்பிக்கும். அந்த உடலோ அறுபது வருஷ மழையில் நனைந்த தகடு! குறுக்குச் சட்டத்தின் ஓரங்களும், பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்களும் துருப்பிடிப்பதில் மைனர் பேர் பெற்றது. துருவின்மேல் புது ஸ்பிரிங் மாட்டுவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது போன்றதே.

ஐந்து நிமிஷக் கிரீஸ்

மைனரில் பேராபத்து எதுவென்று அனுபவஸ்தர்களைக் கேட்டால், பிரேக்கையும் சொல்லமாட்டார்கள், ஸ்பிரிங்கையும் சொல்லமாட்டார்கள். முன் சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின்னின் மரைகளைத்தான் சொல்வார்கள். அந்த மரைகளில் கிரீஸ் வற்றினால் உள்ளே தேய்ந்துகொண்டே போய், ஒருநாள் பிடிப்பு விட்டுச் சக்கரம் கால் மடங்கிய மாடு போல் உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது இது நேருவது தெய்வாதீனம். வேகத்தில் நேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை. இதைத் தடுக்க விலையுயர்ந்த புதுப் பாகம் எதுவும் வேண்டாம். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஜாக்கி வைத்துத் தூக்கி, கிரீஸ் துப்பாக்கியால் நாலு அழுத்து அழுத்தினால் போதும்.

இதிலிருந்து ஒரு நீதி பிறக்கிறது. மேம்பாட்டுக்கு முன் பராமரிப்பு. நமது யோசனையில் வேலைகளின் வரிசை இதுதான். முதலில் உடலின் துரு. பிறகு கிங் பின்னும் சக்கர பேரிங்குகளும். மூன்றாவது, இருக்கிற பிரேக்கையே சரியாக்குவது: டிரம்மில் உள்ள துவாரத்தின் வழியே திருகி, சக்கரம் இறுகும் வரை கொண்டுவந்து, ஒரு பல் பின்வாங்கவேண்டும். ரப்பர்க் குழாய்களைப் புதுப்பிக்கவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியானால், மிதிக்கும் கால் வெறும் நுரையைத்தான் மிதிக்கும். ஆகையால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடவேண்டும். நான்காவது, நல்ல டயர். உள்ளங்கையளவு தடம் நான்குதான் வண்டிக்கும் பூமிக்கும் உள்ள சம்பந்தம் முழுவதும். இவ்வளவும் ஆனபின்னும் போதாதென்று தோன்றினால் இரட்டைச் சிலிண்டர், பெரிய டிரம் அல்லது டிஸ்க், குழாய் ஷாக் அப்ஸார்பர். எஞ்ஜினைப் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் அது கடைசியில். ஒருநாளும் முதலில் அல்ல.

ஓர் எச்சரிக்கை. பழைய ஷூக்களின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசியைப் பறக்கவிடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடவேண்டும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பத்திரமாக அப்புறப்படுத்தவேண்டும்.

குலப்பெருமையும் சட்டமும்

"இப்படியெல்லாம் மாற்றினால் அது மைனராகவே இராதே!" என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. பழைய வண்டி ஒரு காலத்தின் சாட்சி. அக்காலத்து மனிதர் எப்படி யோசித்தார்கள், எதை வைத்துச் சமாளித்தார்கள் என்பதை அது நமக்குக் காட்டுகிறது. காட்சிசாலையில் நிற்கும் வண்டியிலோ, வருஷத்துக்கு இருமுறை ஊர்வலம் போகும் வண்டியிலோ ஒரு திருகாணியைக்கூட மாற்றவேண்டாம். ஆனால் தினமும் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் வண்டிக்கு உயிர்தான் முதல் பெருமை. பழைய பாகங்களை எறியாமல் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தால், வேண்டும்போது வண்டியைப் பூர்வீக நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். தகட்டை அறுக்காமலும் பற்றவைக்காமலும் திருகாணியால் மட்டும் பொருத்தும் மாற்றங்களே உத்தமம் என்பதும் இதனால்தான்.

சட்டத்தையும் மறக்கலாகாது. பிரிட்டனில் 2018 மே மாதம் வந்த ஏற்பாட்டின்படி, நாற்பது வருஷம் கடந்த கார்களுக்கு வருஷாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் முந்திய முப்பது வருஷத்துக்குள் கணிசமான மாறுதல் செய்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. பாதுகாப்புக்காகவோ பராமரிப்புக்காகவோ செய்த திருத்தங்களை அங்கே மன்னித்துவிடுகிறார்கள். நமது தேசத்தில் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, செய்தவர் வகுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2021-ல் வந்த விதிகளோ, ஐம்பது வருஷம் கடந்து, கணிசமாக மாற்றப்படாமல் பூர்வ ரூபத்தில் இருக்கும் வண்டிக்கே ‘விண்டேஜ்’ என்ற தனி அந்தஸ்தை அளிக்கின்றன. ஆகையால் பேபி ஹிந்துஸ்தான் வைத்திருக்கும் பாக்கியசாலிகள் ஸ்பானரை எடுப்பதற்கு முன் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நலம். செய்த மாற்றத்தை மறைத்து வைத்தால், விபத்து நேர்ந்த அன்று அதுவே எதிர்சாட்சி சொல்லும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் இருப்பது கொஞ்சமானால், பளபளக்கும் வர்ணத்துக்கும் புது எஞ்ஜினுக்கும் அதைச் செலவிடாமல் முதலில் அடிப்பாகத்துக்குச் செலவிடுங்கள். வர்ணத்தைப் பார்த்து ஊரார் மெச்சுவார்கள். நல்ல பிரேக்கை ஒருவரும் மெச்சமாட்டார்கள். அது நன்றாக வேலை செய்யும்போது பேசுவதற்கு ஒன்றுமே நடப்பதில்லை. பிரயாணம் போனவர்கள் சாயங்காலம் சுகமாக வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள், அவ்வளவுதான். அதைவிட மேலான மெச்சுதல் ஒரு வண்டிக்கு வேறு என்ன வேண்டும்?